சிலையும் பிரதிமெயும்: பெங்களூரு வள்ளுவர், சென்னை சர்வக்ஞர்

ஆனேக்கல் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்கும் தமிழர் அதனை யானைக்கல் என்றே பொருள் கொள்வர். கன்னடம் அறிந்தவருள்ளும் பலர் அவ்வாறே கொள்வர். ஆனெ என்பது யானை, கல் என்பது கல். ஐயத்திற்கு இடமில்லை என்றே தோன்றும். ஆயின், கன்னடத்தில் ஆனெகல்லு என்பது ஆலங்கட்டிக்கும் பெயர். தமிழில் ஆலி, கன்னடத்தில் ஆலி, ஆலிகல்லு என வரும் சொற்களோடு சேர்த்து எண்ணத்தக்க இவ்வடிவத்தில் யானைக்கு வேலையில்லை. ஊர்ப்பெயர் இவ்விரண்டனுள் எதனைச் சார்ந்தது என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இனமொழிகள் இரண்டனுக்கிடையே மொழிபெயர்ப்போன் எதிர்கொள்ளும் இடர் பெரும்பாலும் வேற்றுமையால் வருவதில்லை. ஒற்றுமையால் வருகின்றது என்பதற்கு இவ்வூர்ப்பெயர் கையருகே உள்ள ஒரு சான்று. இதே வகை இடரொன்று சொல்லளவில் நில்லாது, இரு புலவர்களின் சிலைகளாகவே இரு நகரப் பூங்காக்களில் எழுந்து நிற்கின்றது. அதனைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆனேக்கல் வட்டத்தின் அத்திப்பள்ளியைக் கடந்தால் ஓசூர். வட்டத்தின் கல்வெட்டுகளை லூயிஸ் ரைஸ் 1905இல் எபிகிராபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதியில் பதிப்பித்தார். பெங்களூர் மாவட்டத்திற்குரிய அத்தொகுதியில் தமிழ்க் கல்வெட்டுகள் மிகுதி. பழைய கன்னடத்தில் தமிழரைக் குறித்த திகுள என்னும் சொல், இன்று கரகத் திருவிழாவை நடத்தும் திகளர் சமூகத்தின் பெயராக இவ்வட்டாரத்தில் நிலைத்துள்ளது. இங்கு இரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாதன அல்ல என்பதற்கு இவ்வளவு போதும்.

பதினெட்டு ஆண்டுகள்

பெங்களூரு அல்சூர் ஏரியை அடுத்த பூங்காவில் திருவள்ளுவர் சிலை 1991இல் நிறுவப்பட்டது. முயற்சி 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தினுடையது. இடத்தேர்வும் இயல்பானதே. 1809இல் ஆங்கிலேயப் படை சீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கு இடம்பெயர்ந்தது முதல் படைக்குடியிருப்பைச் சுற்றித் தமிழர் பெருகினர். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் தொடங்கிய பள்ளியின் பெயரைத் தாங்கிய திடலும் அருகிலேயே உள்ளது. ஊரின் கன்னடப் பெயர் ஹலசூரு. ஹலசு என்பது பலா. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது நாம் நன்கறிந்த ஒலிமாற்றம். அந்த ஹகரத்தையும் விட்டுவிட்டு அல்சூர் என்று வழங்கும் உள்ளூர்த் தமிழர் வாயில் பலா முற்றிலும் மறைந்துபோயிற்று.

சிலை நிறுவப்பட்ட ஆண்டு நல்லதாக அமையவில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை 1991 ஜூன் 25இல் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெங்களூரில் தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் திறப்பு நின்றது. சிலை மூடிய நிலையிலேயே பதினெட்டு ஆண்டுகள் இருந்தது. இடையே 2000 ஜூலை 30இல் கன்னட நடிகர் ராஜ்குமார் தொட்டகாஜனூரில் வீரப்பனால் கடத்தப்பட்டார். கடத்தியவர் தரப்பு முன்வைத்த கோரிக்கைகளுள் பெங்களூரில் வள்ளுவர் சிலையைத் திறப்பதும் ஒன்று. ராஜ்குமார் 108 நாள்களுக்குப் பின் விடுவிக்கப்பட்டார், சிலை திறக்கப்படவில்லை. அறநூல் ஒன்றின் ஆசிரியர் ஆள் கடத்தலின் பேரப்பட்டியலில் இடம்பெற்றதைவிட அவருக்கு நேரக்கூடிய இழிவு வேறில்லை. சிலையை எதிர்த்தவர்களும் இதனைவிடப் பெரிய தீங்கை அதற்கு இழைத்துவிடவில்லை என்றே கூறவேண்டும்.

முடிச்சு 2009இல் அவிழ்ந்தது. பெங்களூரில் வள்ளுவருக்கு ஈடாகச் சென்னையில் கன்னடப் புலவர் சர்வக்ஞருக்குச் சிலை என்னும் ஏற்பாட்டை இரு மாநில அரசுகளும் ஒப்புக்கொண்டன. ஆகஸ்டு 9 அன்று பெங்களூரில் முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் முதல்வர் கருணாநிதி வள்ளுவர் சிலையைத் திறந்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 13 அன்று, சென்னை அயனாவரம் ஜீவா பூங்காவில் சர்வக்ஞர் சிலையை எடியூரப்பா திறந்தார். தமிழ் 2004இலும் கன்னடம் 2008இலும் செம்மொழி எனும் ஏற்பைப் பெற்றிருந்தன என்பதும் இச்சூழலில் நினைக்கத்தக்கது. மாற்றம் அமைதியைத் தந்தது. அந்த அமைதி பெரிது. அதனைக் குறை கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆயின், இந்த ஈடு ஒரு மொழிபெயர்ப்புக் கூற்றையும் தன்னுள் கொண்டிருந்தது: வள்ளுவருக்கு நிகரான கன்னடச் சொல் சர்வக்ஞர் என்பதே அக்கூற்று. அகராதியில் இவ்வாறு ஒரு நிகரன் பதிவாகியிருந்தால் நாம் அதனைச் சோதிக்காமல் விடுவோமா?

இரு சொற்கள்

முதலில் விழாவின் சொற்களையே நோக்கலாம். தமிழில் சிலை, கன்னடத்தில் பிரதிமெ. கன்னடத்தில் சிலெ என்ற சொல் இல்லாமல் இல்லை, உண்டு. ஆனால் அது கல்லைக் குறிக்கும். தமிழிலும் சிலை என்னும் சொல் கல் என்றும் வில் என்றும் பழைய நூல்களில் வழங்கி, பின்னர்க் கல்லில் வடித்த உருவத்திற்கு ஆகிவந்து, இன்று வெண்கலத்திலும் சிமெண்டிலும் செய்த உருவத்திற்கும் உரியதாயிற்று. கன்னடம் மூலப்பொருளில் நின்றது. தமிழ் ஆகுபெயரில் நடந்தது. பிரதிமா என்னும் வடசொல்லைத் தமிழ் பிராகிருத வழியே படிமம், படிமை எனப் பெற்றிருந்தும், அதனை இருபதாம் நூற்றாண்டில் கவிதைத் திறனாய்வுக்குக் கொடுத்துவிட்டது. ஆகவே, ஒரே விழாவில் தமிழர் கல்லைக் குறித்த சொல்லாலும் கன்னடர் நிகருருவைக் குறித்த சொல்லாலும் பேசினர். பிரதிமெ என்பதன் முன்னொட்டே ஒன்றற்கு எதிராக, ஒன்றற்கு ஒப்பாக அமைவதைச் சுட்டும். ஒப்பு என்னும் கருத்து அங்குச் சொல்லிலேயே பொதிந்துள்ளது.

அடுத்தது திறப்பு. தமிழில் கதவும் சிலையும் பாலமும் ஒரே வினையால் திறக்கப்படுகின்றன. திரைநீக்கம் என்னும் சொல் நம்மிடம் இருந்தும் செய்தித்தாள் வழக்கில் திறப்பே வென்றது. கன்னடத்தில் இதனை அனாவரண என்பர்; ஆவரணம் எனும் மூடலை நீக்குதல். பிற சிலைகளைப் பொறுத்தவரை இரு சொற்களும் ஒன்றே. ஒரு நாள் மட்டும் துணி போர்த்தி மறுநாள் நீக்குவதற்கு அனாவரண என்பது சற்றுப் பெரிய சொல் எனலாம். பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த இச்சிலைக்கோ கன்னடச் சொல்லே முற்றும் பொருந்திற்று. தமிழ்ச்சொல் விழாவைக் கூறியது; கன்னடச் சொல் வரலாற்றைக் கூறியது. செய்தியை மொழிபெயர்த்தவர் எவரேனும் இவ்விடத்தில் திறப்பு என்பதை விட்டு வேறு சொல்லை நாடியிருந்தால் அவரைப் பாராட்டலாம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. வள்ளுவரைத் தமிழக முதல்வரும் சர்வக்ஞரைக் கர்நாடக முதல்வரும் திறந்தனர். அவரவர் புலவரை அவரவரே அயலார் ஊரில் திறந்துவைத்தனர். அரசு நெறியில் இது மரியாதையாகலாம். மொழிபெயர்ப்பு நெறியிலோ இது தலைகீழ். பிறமொழி நூலைத் தன் மொழிக்குள் கொண்டுவருபவன் பெறும் மொழிக்காரனாக இருப்பதே நலம் என்பது நம் துறையில் பெரும்பாலோர் ஏற்ற கருத்து. ஏனெனில், வீட்டுக்காரனே வாயிலுக்கு வந்து விருந்தினரை அழைக்கவேண்டும். இங்கு விருந்தினர் தரப்பாரே வந்து கதவைத் திறந்தனர், வீட்டுக்காரர் உடனிருந்தார்.

வீட்டுக்காரர் வாயிலுக்கு வந்த காலமும் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். கர்நாடக கவிசரிதெயின் ஆசிரியர் ரா. நரசிம்மாசார் குறளின் சில பகுதிகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நீதிமஞ்சரி என்னும் பெயரில் கன்னடச் செய்யுளாக்கினார். பின்னர் எல். குண்டப்பா முதலியோர் அப்பணியில் ஈடுபட்டனர். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் 2014இல் ஒரு கன்னட மொழிபெயர்ப்பை வெளியிட்டது. அல்சூரில் வள்ளுவர் மூடப்பட்டிருந்த நாள்களிலும் கன்னட நூலகங்களில் அவர் மூடப்பட்டிருக்கவில்லை. ஆயினும் நீதிமஞ்சரி என்னும் பெயரில் ஒரு தேர்வு நிகழ்ந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். குறள் கன்னடத்திற்குள் நீதிநூல் என்னும் வாயில் வழியாகவே நுழைந்தது. அவ்வாயிலில் முன்னரே அமர்ந்திருந்தவர் சர்வக்ஞர். காமத்துப்பாலுக்கு நீதிநூல் வாயிலில் இடமில்லை. அது வெளியே நின்றது. 2009இன் நிகரன் 2009இல் பிறந்ததன்று என்பது இதனால் புலனாகும்.

நான்கும் மூன்றும்

நிகரனை நம்பத் தூண்டும் காரணங்கள் வலியன. இருவரும் சிறு யாப்பில் பாடியவர்கள். இருவரையும் பற்றி ஏறத்தாழ ஒரே கதை வழங்குகிறது. பகவன் என்னும் அந்தணத் தந்தைக்கும் ஆதி என்னும் தாழ்த்தப்பட்ட குலத் தாய்க்கும் வள்ளுவர் பிறந்தார் என்பது இங்குள்ள கதை. பசவரசன் என்னும் அந்தணருக்கும் குயவர் குல மாளிக்கும் சர்வக்ஞர் பிறந்தார் என்பது அங்குள்ள கதை. வரலாறாக இவற்றை ஏற்பதற்கில்லை. ஆயினும் இரு மக்களும் தம் அறப்புலவருக்கு ஒரே வகையான பிறப்பை ஏன் விரும்பினர் என்பது ஆராயத்தக்கதே. ஒருவர் நூலை ஆங்கிலத்திற்குக் கொண்டுசென்றவர் ஜி.யு. போப் என்னும் கிறித்தவ ஊழியர், 1886இல். மற்றவர் பாடல்களைச் சுவடிகளிலிருந்தும் மக்கள் வாயிலிருந்தும் திரட்டி 1924இல் பதிப்பித்தவர் உத்தங்கி சென்னப்பர். அவரும் கிறித்தவ ஊழியரே.

யாப்பில் ஒற்றுமை இன்னும் மயக்குவது. குறள் வெண்பா நாற்சீரடி ஒன்றும் முச்சீரடி ஒன்றும் உடையது. சர்வக்ஞரின் திரிபதி மூன்றடி உடையது. அம்ச கணங்கள் முறையே நான்கு, நான்கு, மூன்று. ஆறாம் கணமும் பத்தாம் கணமும் பிரம்ம கணமாகவும் ஏனையவை விஷ்ணு கணமாகவும் வருதல் இலக்கணம். முதலடியை நீக்கிவிட்டால் எஞ்சுவது நான்கும் மூன்றும். அதாவது குறளின் அளவு. போதாக்குறைக்கு, கன்னடத்தின் ஆதிப்பிராசம் இரண்டாம் எழுத்தில் அமைவது. அதாவது நம் எதுகை. இவற்றைக் காணும் மொழிபெயர்ப்பாளர், திரிபதியைக் குறள் வெண்பாவில் பெயர்த்தால் முடிந்தது என்று கருதினால் வியப்பில்லை. இக்கட்டுரையாளரும் ஒருகால் அவ்வாறு கருதி முயன்று, இருபது பாடல்களுக்குமேல் செல்ல இயலாது கைவிட்டதுண்டு.

ஏன் இயலவில்லை? குறளின் முச்சீரடி நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாட்டில் வெட்டென நிற்கும். அந்த நிறுத்தமே அதன் பொருள். திரிபதியோ பாடப்படுவது. பாடும்போது இரண்டாம் அடியை மீண்டும் ஒருமுறை பாடுவது மரபு. ஏடு மூன்றடியைக் காட்டும். செவி நான்கடியைக் கேட்கும். பாதாமியில் உள்ள கப்பெ அரபட்டன் கல்வெட்டில், ஏறத்தாழ கி.பி. 700 அளவில், திரிபதி முதன்முதலாகக் காணக்கிடைக்கிறது. அதே யாப்பைத்தான் கன்னடப் பெண்கள் மாவரைக்கும்போது பாடும் பீசுவ கல்லின பதங்களிலும் கேட்கிறோம். திரிகையின் சுற்றுக்கு ஏற்ற யாப்பு அது. மீண்டும் வருவதே அதன் இயல்பு. மீண்டும் வாராமல் முடிவதே குறளின் இயல்பு. மேலும் திரிபதியின் மூன்றாம் அடியின் இறுதியைச் சர்வக்ஞ என்னும் முத்திரை எடுத்துக்கொள்கிறது. எனவே பொருள் முடியவேண்டிய இடம் மூன்று கணத்தினும் குறைவு. குறள் கருத்தை இறுதிச்சீரில் கொண்டுபோய் இறக்கும். திரிபதி கருத்தை அதற்கு முன்னரே இறக்கிவிட்டுத் தன் பெயரைச் சொல்லும். குறள் வெண்பாவில் முத்திரையை வைத்தால் பொருளுக்கு இடமில்லை. முத்திரையை நீக்கினால் பாடுபவனுக்கு இடமில்லை.

பாடுபவனே இங்கு வினா. குறளில் நூலாசிரியர் பெயர் இல்லை. வள்ளுவர் என்னும் பெயரை நாம் நூலுக்கு வெளியிலிருந்தே பெறுகிறோம். அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் பேசுபவர் யாரென்று தெரியாமலே பேச்சு நிகழ்கிறது. காமத்துப்பாலில் தலைவனும் தலைவியும் தோழியும் பேசுகின்றனர், ஆசிரியர் பேசுவதில்லை. சர்வக்ஞரின் பாடல்தோறும் அவர் வந்து நிற்கிறார். ஓடேந்தி ஊர் ஊராய்த் திரிந்த ஓர் ஆண்டியாகவே மக்கள் மனம் அவரை வைத்திருக்கிறது. விடுகதை சொல்வார், ஏளனம் செய்வார், சாதிச் செருக்கைக் குத்துவார், உணவின் சுவையைப் புகழ்வார். வள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரமும் அதனை அடுத்து இரவச்சம் என்று ஓர் அதிகாரமும் செய்தார். 106ஆம் 107ஆம் அதிகாரங்கள் அவை. இரத்தலை இருபுறமும் நின்று நோக்குபவர் அவர். சர்வக்ஞரோ இரந்துகொண்டே பாடியவர். ஒருவர் இரத்தலைப் பற்றிய நூல். மற்றவர் இரப்பவரின் குரல். இவ்விருவரையும் அருகருகே வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஒருவர் இருக்கையில் மற்றவரை அமர்த்துவதுதான் பிழை.

அடியும் எண்ணும்

சிலையாதல் என்பதும் இருவருக்கும் ஒன்றன்று. வள்ளுவருக்கு உருவம் அமைந்த வரலாறு நீண்டது. எல்லிஸ் காலத்துத் தங்கக் காசில் அவர் சமண முனிவர் போன்ற தோற்றத்தில் பொறிக்கப்பட்டிருந்ததை ஐராவதம் மகாதேவன் 1990களில் அடையாளம் காட்டினார். இன்று நாம் அறிந்த தாடியும் கொண்டையும் ஏடும் எழுத்தாணியும் கொண்ட உருவம் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. 1964இல் சட்டமன்றத்தில் திறக்கப்பட்டது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் சிலை எழுந்தது. 2000 ஜனவரி 1இல் குமரிமுனையில் கணபதி தபதி வடித்த 133 அடிச் சிலை திறக்கப்பட்டது.

அக்குமரிச் சிலையை ஒரு மொழிபெயர்ப்பு என்றே கொள்ளலாம். அதிகாரம் 133, உயரமும் 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள் 38 அடிப் பீடமாயின. பொருளும் இன்பமும் ஆகிய 95 அதிகாரங்கள் 95 அடி உருவமாயின. அடி என்னும் தமிழ்ச்சொல் யாப்பின் உறுப்பையும் நீள அளவையும் ஒருங்கே குறிப்பதால் தமிழில் இப்பெயர்ப்பு மேலும் இனிக்கின்றது. நூலின் எண் நிலைபெற்றதாக இருந்தமையால் இது இயன்றது. பதின்மர் உரை கண்ட நூல். வைப்புமுறையில் உரையாசிரியர் மாறினும் 1330 என்னும் எண் மாறவில்லை.

சர்வக்ஞருக்கு இத்தகைய சிலை செய்ய இயலாது. சிற்பியரின் குறையால் அன்று, எண் இல்லாமையால். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அவர் பெயரில் ஏறத்தாழ 2000 பாடல்கள் வழங்குகின்றன. இவற்றுள் அவருடையவை எவை, அவர் முத்திரையைத் தாங்கிப் பிறர் பாடியவை எவை என்பது இன்றும் தீராத வழக்கு. முத்திரை உடைமையைக் காப்பதற்கென்று நாம் எண்ணுகிறோம். வாய்மொழி மரபிலோ முத்திரையே வாயிலைத் திறந்துவிடுகின்றது. நல்ல திரிபதி ஒன்றைக் கட்டிய எவரும் இறுதியில் சர்வக்ஞ என்று சேர்த்து அதனைப் பொதுவில் விட்டுவிடலாம். செருக்கினால் அன்று, ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு சொல்லாகக் கற்றே தாம் சர்வக்ஞரானதாக அவர் பெயரில் ஒரு பாடலின் கருத்து வழங்குகின்றது. அது அவர் பாடியதோ, அன்றோ. அவருடைய நூல் உருவான முறையை அதனினும் நன்றாக எந்தப் பதிப்பாசிரியரும் விளக்கவில்லை.

இத்தகைய ஒரு பெயரைத் தமிழ் என்ன செய்தது என்பதை இனி நோக்கவேண்டும். சர்வக்ஞன் என்பது சமண, பௌத்த மரபுகளில் அருகனுக்கும் புத்தனுக்கும் உரிய அடை. முற்றும் உணர்ந்தவன் என்பது பொருள். குறளின் முதல் அதிகாரத்து வாலறிவன் என்னும் சொல்லை இதனோடு சேர்த்துப் படிப்போரும் உளர். ஓடேந்திய ஆண்டி ஒருவன் தன்னை எல்லாம் அறிந்தவன் என்று அழைத்துக்கொள்வதில் ஒரு நகை உண்டு. பாடல்தோறும் அந்நகை இறுதியில் வந்து தலைகாட்டும். கன்னடர் அதனை உணர்ந்து சர்வக்ஞன வசனகளு என்று ஒருமையிலேயே வழங்கினர். நாமோ 2009இல் அவரை வரவேற்கும் மகிழ்ச்சியில் ரகர மெய்யைச் சேர்த்துச் சர்வக்ஞர் ஆக்கினோம். மரியாதை வந்தது, நகை போயிற்று. கல்லில் வடித்த பெருமகனாருக்கு அது பொருந்தும். பாடலுக்குப் பொருந்தாது.

மறுபுறம், கன்னடம் திருவள்ளுவர் என்னும் பெயரைச் சற்றும் சிதைக்காமல் மெய்யீற்றோடு எழுதுகிறது. கன்னடப் பெயர்கள் பொதுவாக உயிரீற்றை விரும்புவன என்பதை நினைத்தால் இது சிறு செயலன்று. வேற்றுமை ஏற்கும்போது திருவள்ளுவர பிரதிமெ என்றாகிறது. கன்னடத்தின் சொந்த மரியாதைப் பன்மை அவர என்று முடிவதுபோலவே இதுவும் முடிகிறது. தமிழின் அர் விகுதி அங்குக் கன்னட அர் விகுதியாகவே கேட்கிறது. எந்த ஒப்பந்தமும் இல்லாமல், எவரும் திறந்துவைக்காமல், வள்ளுவர் கன்னட இலக்கணத்திற்குள் அமர்ந்துவிட்ட இடம் இது.

ஆகவே சர்வக்ஞரைத் தமிழாக்க முற்படுவோருக்கு இரண்டு வேண்டுகோள்கள். குறள் வெண்பாவை நாடவேண்டா. இரண்டாம் அடியை மீட்டுப் பாட இடந்தரும் யாப்பு நம் நாட்டுப்புறப் பாடல்களிலும் சிந்திலும் உண்டு, அங்குத் தேடலாம். முத்திரையை மொழிபெயர்க்கவும் வேண்டா, அதற்கு மரியாதை சேர்க்கவும் வேண்டா. பெயராகவும் விளியாகவும் கொள்ளத்தக்கவாறு, கன்னடத்தில் உள்ளபடியே, சர்வக்ஞ என்று இறுதியில் நிறுத்திவிடலாம். அயனாவரத்துப் பூங்காவில் அவர் சர்வக்ஞராகவே இருக்கட்டும்.